வெள்ளைச் சட்டையில் இளநீர்க் கறை

அத்தியாயம் 11

இளநீர்க் கறைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சொட்டும்போது வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். துவைத்து வெயிலில் காயப்போட்ட பிறகு காப்பி நிறத்தில் எழும்பும். எழும்பிவிட்டால் எந்த சோப்புக்கும் மசியாது.

சவுரிராயனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அறுபத்திரண்டு வயது வரை அவர் தன் சட்டையைத் தானே துவைத்ததில்லை. துவைப்பவள் லூசியா. அதனால் தெரிந்தது லூசியாவுக்கு.

மூன்று புதன்கிழமைகள், மூன்று வெள்ளைச் சட்டைகள். மூன்றிலும் தோளுக்குக் கீழே ஒரே மாதிரி அடையாளம். நாலு விரல், ஒரு கட்டைவிரல். எல்லாம் பிஞ்சு விரல்கள். ஏதோ ஒரு குழந்தை இளநீரில் கையை விட்டு அளைந்துவிட்டு, அந்தக் கையோடு அவர் சட்டையைப் பிடித்திருக்கிறது.

புதன்கிழமைதோறும் அவர் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் போவது ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு. பணி ஓய்வு பெற்ற நாலு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓய்வு பெற்ற ஹெட்கிளார்க்குகள் கூடிப் பேசும் இடத்தில் குழந்தைக்கு என்ன வேலை?

போன வாரம் எதிர்வீட்டுச் செண்பகம் வந்து சொன்ன சேதி மிச்சத்தையும் சொல்லிவிட்டது. தங்கையைப் பார்க்க விழுப்புரம் போயிருந்தவள் சாலாமேட்டில் அவரைப் பார்த்திருக்கிறாள். பச்சை கேட் போட்ட வீடு. வாசலில் இரண்டு தென்னை.

"செருப்பை ஓரமா வுட்டுட்டு, சொந்த வூட்டுக்குள்ள போறாப்புல போறாருக்கா. நான் பாத்தேன்னு சொல்லிடாத. பேஜாரா பூடும்."

லூசியா யாரிடமும் சொல்லவில்லை. ஏழு நாள் அதை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு நடமாடினாள்.

இன்று மறுபடியும் புதன்கிழமை.

காலையில் இட்லிக்கு வேர்க்கடலையை வறுத்து மல்லாட்டைச் சட்னி அரைத்தாள். நேற்று பொட்டுக்கடலைச் சட்னி. முந்தாநாள் தக்காளி. அந்த வீட்டு அம்மிக்கும் மிக்ஸிக்கும் தேங்காயின் முகம் மறந்து ஐந்து வருஷம் ஆகிறது.

தொண்ணூற்றொன்பதில் சவுரிராயனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று டாக்டர், "தேங்காயெல்லாம் குறைச்சுக்குங்க" என்றார். குறைப்பது லூசியாவின் சுபாவத்தில் கிடையாது. ஒன்றைச் செய்வாள், அல்லது அடியோடு விட்டுவிடுவாள். அவருக்கு ஒரு சமையல் தனக்கு ஒரு சமையல் என்று செய்யவும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மீன்குழம்பில் தேங்காய்ப்பால் நின்றது. கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலாவுக்குத் தேங்காய்ப்பாலுக்குப் பதில் வெந்நீர் விட்டுத்தான் மாவு பிசைந்தாள். அது பல்லை உடைத்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டாக்டர் போன பிறகு கணவர் தன் பங்குக்கு ஒன்று கேட்டார். அதற்கு முந்தைய வருஷம்தான் மகள் ரோஸ்லின், விக்கிரவாண்டிப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பையன் தமிழ்மணியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போயிருந்தாள். பையன் இந்து. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை, பங்குச் சாமியார் ஆசீர்வதிக்கவில்லை, சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

"அவளாலதான் எனக்கு இந்த நெஞ்சுவலி. அவ பேச்சு இனிமே நம்ம வூட்டுல எழக் கூடாது. நீ அவ மூஞ்சில முழிச்சேன்னு தெரிஞ்சா அன்னிக்கு என் பொணத்தைத்தான் பாப்ப. சத்தியம் பண்ணு."

கையில் ஜெபமாலையோடு லூசியா சத்தியம் செய்தாள். ஒரே நாளில் தேங்காயையும் மகளையும் விட்டாள். இரண்டில் எது சுலபமாக இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"சட்னில காரம் தூக்கலா இருக்குதே" என்றார் சவுரிராயன், மூன்றாவது இட்லியை ஒதுக்கிவிட்டு. புதன்கிழமைகளில் அவர் வீட்டில் இரண்டு இட்லிதான் சாப்பிடுவார். கூட்டத்தில் டீயும் வடையும் தருவார்கள் என்று காரணம் வேறு.

"இன்னிக்கும் கூட்டமாங்க?"

"பின்ன? புதன்கிழமையாச்சே."

"கத்திரி வெயிலு கொளுத்துது. ஒரு வாரம் போவலன்னா இன்னா ஆயிடும்?"

"நான் இல்லன்னா அங்க ஒண்ணும் நடக்காது லூசியா."

மகன் லூர்து பிரகாஷ் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் அனந்தபுரம். பெண்ணின் அப்பா ராயப்பன் அந்த ஊர்க் கோயிலின் பங்குப் பேரவையில் பெரிய ஆள். மகள் வேற்று மதத்தில் கட்டிக்கொண்டு போன வீடு என்று முதலில் தயங்கினார். 'அவளைத் தலைமுழுகிவிட்டோம்' என்று சவுரிராயன் அடித்துச் சொன்ன பிறகே சம்மதித்தார்.

"ஏன்டா பிரகாஷு, உங்கப்பா நெசமா கூட்டத்துக்குத்தான் போறாரா?"

"வேற எங்கம்மா போவாரு?" என்றான் அவன், கண்ணாடியைத் துடைத்தபடி. இவனுக்கும் ஒன்றும் தெரியாது, பாவம் என்று லூசியா நினைத்துக்கொண்டாள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்தால் இவன் கதி என்ன?

அவர் ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அடுத்த பஸ்ஸில் தானும் போவதென்று லூசியா வீட்டைப் பூட்டி, செண்பகத்திடம் சாவியைக் கொடுத்தாள்.

"காலையில சாப்டியாக்கா?"

"எறங்கல. வயிறு எரியுது."

"எத்தினி தபா சொல்லிட்டேன், வெறும் வயித்துல ஒரு டம்ளர் தேங்காப்பாலு குடி, வயித்துப் புண்ணுக்கு இதமா இருக்கும்னு. வாய்ப்புண்ணு வந்தாகூட ஒரு துண்டு தேங்காயை மென்னு வாயில அடக்கிக்கினா எரிச்சல் அடங்கும். நீ கேட்டாத்தானே."

"அவுருக்கு ஆவாதது எனக்கு எதுக்கு?"

"அவுருதான் சாலாமேட்டுல..." என்று ஆரம்பித்த செண்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி சரி, ஜல்தியா போய்ட்டு வா. சண்டை கிண்டை போட்டு மயக்கமா வுழுந்துடப் போற."

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சாலையை அகலப்படுத்த வழியெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். முகத்தில் புழுதி அடித்தது. அதைத் துடைக்கக்கூட லூசியாவுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்ததும் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். 'முப்பத்தி நாலு வருஷமா நான் இருக்கிறேன், தெரியுமா உனக்கு?' என்று கேட்கலாம். 'நாளைக்கு அவருக்கு நெஞ்சுவலி வந்தா நீயா தூக்கிக்கினு ஓடுவ?' என்றும் கேட்கலாம். விக்கிரவாண்டி வந்தபோது அவள் தன்னை அறியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். ரோஸ்லின் இந்தப் பக்கம்தான் எங்கேயோ வாழ்கிறாள். பஸ் ஜன்னலில் தப்பித்தவறி அவள் முகம் தெரிந்துவிட்டால்கூட சத்தியம் உடைந்துவிடும் என்று ஐந்து வருஷமாக லூசியாவுக்குப் பயம். இப்படி ஒரு பைத்தியக்காரி இருப்பாளா என்று கேட்கிறீர்களா? இருந்தாள்.

பஸ் நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துச் சாலாமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். பச்சை கேட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கு உள்ளே தேங்காய் மட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. தேங்காய் மண்டிக்காரர் வீடு போலிருக்கிறது.

கேட் பாதி திறந்திருந்தது. லூசியா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

தாழ்வாரத்தில் மர நாற்காலி. அதில் அவள் கணவர். மடியில் மூன்று நாலு வயசுப் பெண்குழந்தை, கையில் வெட்டிய இளநீர். வழுக்கையை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தது. முக்காலியில் தட்டு. தட்டில் நாலு இட்லி. இட்லி தெரியாத அளவுக்கு வெள்ளை வெளேரென்று கெட்டித் தேங்காய்ச் சட்னி.

"இன்னும் கொஞ்சம் சட்னி போடு" என்றார் சவுரிராயன், திரும்பிப் பார்க்காமலே.

அந்தப் 'போடு' லூசியாவுக்கு நன்றாகத் தெரிந்த 'போடு'. முப்பத்து நாலு வருஷமாகக் கேட்டது. வெளியாரிடம் ஒருவர் அப்படிக் கேட்க மாட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் கிண்ணத்தோடு வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகியிருந்தாள்.

ரோஸ்லின்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பானேன்? ஆறு வருஷமாகப் பார்க்காத மகள், விக்கிரவாண்டிப் பக்கம் இருப்பதாக நினைத்திருந்த மகள், கொஞ்சம் பூசினாற்போல், எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு எதிரில் நிற்கிறாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள லூசியாவின் கால் ஒரு அடி எடுத்துக்கூட வைத்துவிட்டது.

இரண்டாவது அடி எழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. சத்தியம் வாங்கியவர். பொணத்தைப் பார்ப்பாய் என்று மிரட்டியவர். வேறு ஒரு பெண் வந்து நின்றிருந்தால் லூசியா சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், சாமியாரிடம் போய் முறையிட்டிருப்பாள். இதற்கு யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது?

ரோஸ்லின்தான் முதலில் பார்த்தாள். கிண்ணம் கையில் அப்படியே நின்றது.

சவுரிராயன் திரும்பினார். அவர் முகம் போன போக்கை என்னால் வர்ணிக்க முடியாது. பிடிபட்ட மனிதன் எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் சொன்னது இது:

"லூசியா... டாக்டரே சொல்லிட்டாரு. அளவா சேத்துக்கினா தேங்கா ஒண்ணும் பண்ணாதாம்."

மகளைப் பற்றி இல்லை, மடியிலிருந்த பேத்தியைப் பற்றி இல்லை. சட்னிக்குச் சமாதானம்.

"எப்ப சொன்னாரு?" என்றாள் லூசியா.

"அது... ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷம்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "வயிறு எரிஞ்சி நான் ராவெல்லாம் புரளும்போது பக்கத்துலதானே படுத்துனு இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமே, தேங்காயை அரைச்சிக்க லூசியான்னு."

"சொன்னா, ஏது திடீர்னு டாக்டர்கிட்ட கேட்டீங்கன்னு நீ கேப்ப. ஒண்ணு சொன்னா இன்னொண்ணு வெளிய வரும்..."

ரோஸ்லின் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அம்மாவிடம் ஓடி வரவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"அம்மா இந்த ஜென்மத்துல வாசப்படி மிதிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களேப்பா."

லூசியாவுக்குப் புரியவில்லை. "இன்னாடி சொல்ற?"

"நான் சொல்லலம்மா. அப்பாதான் சொன்னாரு. பானு பொறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு அவரு மட்டும் வந்தாரு. அம்மா எங்கப்பான்னு கேட்டேன். 'உங்கம்மாவுக்கு உன் மூஞ்சில முழிக்க இஷ்டமில்லையாம், நான் எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்'னாரு. அதுக்கப்புறம் ரெண்டு தபா போன் பண்ணேன். அப்பாதான் எடுத்தாரு. 'பக்கத்துலதான் நிக்கிறா, பேச மாட்டேங்கிறா'ன்னாரு."

லூசியா படியேறித் தாழ்வாரத்துக்கு வந்தாள். வீட்டுத் தொலைபேசி அடித்த இரண்டு தடவையில் அவள் அடுப்படியில் இருந்தாளா, கோயிலில் இருந்தாளா? எந்த நாள் என்றே தெரியாது. தெரியாத ஒரு நாளில், தன் பெயரால், தன் பெண்ணின் முகத்தில் கதவு அறையப்பட்டிருக்கிறது.

"அப்பிடியும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்துச்சிம்மா" என்றாள் ரோஸ்லின். இப்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மாசாமாசம் எண்ணெய் குடுத்தனுப்புறேனே, அதை நீ வேணாம்னு திருப்பி அனுப்பல. போன மாசம்கூட கொஞ்சம் வெந்தயம் போட்டுக் காய்ச்சச் சொன்னியாமே. அதைக் கேட்டுட்டு ரெண்டு நாளு நான் சோறே திங்கல, அவ்ளோ சந்தோஷம்."

"எண்ணெயா?"

"தலைக்கு வைக்கிற எண்ணெய்தான். தேங்காயைத் திருவி, பால் எடுத்து, கறிவேப்பிலை போட்டு, நீ காய்ச்சற மாதிரியே."

லூசியாவின் கை தன் தலைக்குப் போனது. விழுப்புரம் மார்க்கெட்டில் ஒரு கேரளாக்காரர் கடையில் வாங்கி வருவதாகச் சவுரிராயன் சொன்ன எண்ணெய் அது. கண் எரிச்சல் அடங்குகிறது, முடி கொட்டுவது நின்றுவிட்டது, முழங்காலில் தேய்த்தால்கூட வலி குறைகிறாற்போல் இருக்கிறது என்று அவள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். 'நம்ம வீட்டுப் பக்குவம் அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்று இவரிடமே அதிசயப்பட்டிருக்கிறாள். இவரும் பேப்பரைப் படித்துக்கொண்டே 'உம்' கொட்டியிருக்கிறார். வெந்தயம் போடச் சொல்லுங்கள் என்றபோது, சொல்கிறேன் என்றார். சொல்லியும் இருக்கிறார். அவளுடைய எல்லாச் சேதியும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அவள் மட்டும் வரவில்லை.

"ஏங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். "எதுக்காக இப்பிடி?"

சவுரிராயன் குழந்தையை மடியிலிருந்து இறக்கினார்.

"நானே சத்தியம் வாங்கினேன். குழந்தை பொறந்துச்சின்னு கேள்விப்பட்டு என்னால இருக்க முடியல, ஓடி வந்துட்டேன். அதை உன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது? ரோஸ்லின், அம்மா ஏன் வரலன்னு கேட்டா. அதுக்கும் ஏதாவது ஒண்ணு சொல்லணும். வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் அதை மாத்த முடியல."

"நாலு வருஷமாவா முடியல?"

"உனக்கு ஒரு விஷயம் வயித்துல தங்காது லூசியா. கோயில்ல போயி ஒருத்திகிட்ட சொல்லுவ. அது அனந்தபுரம் வரைக்கும் போவும். பிரகாஷு கல்யாணம்..."

"வயித்துல தங்காதா?" ஏழு நாளாக வயிற்றில் வைத்திருந்ததை நினைத்து லூசியாவுக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக முடிந்தது.

அப்போதுதான் குழந்தை அவள் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது.

"நீங்க யாரு?"

ரோஸ்லின்தான் சொன்னாள். "ஆயாடி. திண்டிவனத்து ஆயா."

குழந்தை கேட்டைப் பார்த்தது. "பிரகாஷ் மாமா வண்டியில வந்தீங்களா? மாமா எங்க?"

லூசியா மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பாவம் என்று நினைத்த மகன். அவனும் இங்கே வருகிறான். வந்துவிட்டுப் போய், அவள் போடும் சோற்றைத் தின்றுவிட்டு, அவள் மகளுக்காக வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றும்போது பக்கத்தில் நின்றிருக்கிறான். அந்த வீட்டில் ஏமாந்தவள் அவள் ஒருத்திதான்.

தாழ்வாரத்துத் தரையிலேயே உட்கார்ந்தாள். ரோஸ்லின் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆறு வருஷத்துக்கு அது போதாது.

சவுரிராயன் செருப்பை மாட்டிக்கொண்டார். சங்கடமான இடத்திலிருந்து கிளம்பிவிடுவது அவர் வழக்கம்.

"எழுந்துரு லூசியா. போலாம். ஞாயித்துக்கெழமை நிச்சயம் நல்லபடியா முடியட்டும். ராயப்பன் காதுல இது வுழக் கூடாது. அப்புறம் நானே உன்னைக் கூட்டிக்கினு வர்றேன். எத்தினி தபா வேணும்னாலும் வரலாம்."

"நான் வரல."

"இன்னா வரல? நாலு நாள்ல நிச்சயம். பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி மாப்பிள்ளையோட அம்மா இல்லாம எப்பிடி? எங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

லூசியா நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்து நாலு வருஷத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"கேட்டா சொல்லுங்க. அவளுக்கு எங்க மூஞ்சில முழிக்க இஷ்டமில்லையாம், எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்னு சொல்லுங்க. ஒரு தபா பொய்யா சொன்னீங்க இல்ல, இப்ப நெசமாவே சொல்லுங்க."